சேல்ஸ்ஃபோர்ஸ் புலங்களிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் வகை வரையறைகளைத் தானாக உருவாக்குவது எப்படி

யாழ்ப்பாணத்தில் தவணைக்கு மின்சாதனம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சாவகச்சேரி, பருத்தித்துறை, சுன்னாகம் என்று கிளைகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் விபரம் எல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இணையவழி வாடிக்கையாளர் தரவுத் தளத்தில் இருக்கிறது. கடைக்கான இணையச் செயலியை டைப்ஸ்கிரிப்டில், அதாவது தரவு வகைகளைச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்டில், எழுதுகிறீர்கள். அடையாள அட்டை இலக்கம், கிளை, தவணைத் தொகை என்று தளத்திலுள்ள புலங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஒரு இன்டர்ஃபேஸ் (பதிவின் வடிவத்தைச் சொல்லும் வகை வரையறை) எழுதி வைத்திருக்கிறீர்கள். சில மாதம் போன பிறகு தளத்தின் நிர்வாகி ஒரு புலத்தின் பெயரை மாற்றுகிறார். கிளைப் பட்டியலில் கிளிநொச்சியைச் சேர்க்கிறார். உங்கள் நிரலைத் தொகுப்பி (நிரலை ஓடுமுன் சோதிக்கும் கம்பைலர்) எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்கிறது. கடையில் ஆள் நிற்கும்போதுதான் திரை உடைகிறது.

தன்னிடம் என்னென்ன புலங்கள் இருக்கின்றன என்பதைத் தளமே கேட்டால் சொல்லும். அந்தப் பதிலை வாங்கி, அதிலிருந்து வகைக் கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் எழுதட்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் பெயரையும் வகையையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். உண்மையில் உடைவது வேறு மூன்று இடங்களில்: புலம் வெறுமையாக இருக்கலாமா, அதை யார் எப்போது எழுதலாம், தெரிவுப்பட்டியல் மூடியதா திறந்ததா. இந்த மூன்றையும் கொண்டுவராத உருவாக்கி (வகை எழுதும் அந்த ஸ்கிரிப்ட்), கையால் எழுதிய கோப்பைவிட எவ்வகையிலும் மேலானதல்ல.

பதிவுகளைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்

ஒரு மாதிரிப் பதிவை ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாக எடுத்து, அதைப் பார்த்து வகையை ஊகித்துத் தரும் கருவிகள் உண்டு. வாடிக்கையாளர் தளத்துக்கு இந்த வழி சரிவராது. எடுத்த 50 பதிவிலும் மின்னஞ்சல் இருந்தால், மின்னஞ்சல் எப்போதும் இருக்கும் என்று கருவி முடிவுகட்டும். ஒருவருக்கும் இரண்டாவது தொலைபேசி இல்லையென்றால் அந்தப் புலத்துக்கு வெற்றுமதிப்பு (நல்) மட்டுமே வகையாகிவிடும். இதுவரை யாரும் தெரிவுசெய்யாத கிளை பட்டியலுக்குள் வரவே வராது. இன்னொன்றும் இருக்கிறது: மாதிரிக்கு எடுப்பது உண்மையான ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும். அவை கிட் களஞ்சியத்துக்குள் (நிரலின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் இடம்) போய்விட்டால் வரலாற்றிலிருந்து முழுதாக அழிப்பது பெரும்பாடு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வகை எழுதுவதற்கு ஒரு வாடிக்கையாளரின் பெயர்கூடத் தேவையில்லை.

எடுக்க வேண்டியது தளத்தின் அமைப்பு விபரத்தை. சேல்ஸ்ஃபோர்ஸில் அதற்கு டிஸ்கிரைப் என்ற அழைப்பு இருக்கிறது. ஒப்ஜெக்ட் (ஒரேவகைப் பதிவுகளின் அட்டவணை) ஒன்றின் பெயரைக் கொடுத்தால் அதன் எல்லாப் புலங்களும் ஜேசனாக வரும். சேல்ஸ்ஃபோர்ஸின் கட்டளைவரிக் கருவியில் எஸ்ஒப்ஜெக்ட் டிஸ்கிரைப் கட்டளையை ஜேசன் தெரிவோடு ஓட்டினாலும் அதே பதில் கிடைக்கும். முதன்முறை பார்ப்பதற்கு அது போதும். தளத்தில் நூற்றுக்கணக்கான ஒப்ஜெக்ட்கள் இருக்கும். அவற்றை எல்லாம் எடுக்க வேண்டாம். செயலி தொடுகிற அக்கவுன்ட் (வாடிக்கையாளர் கணக்கு), கொன்டாக்ட் (தொடர்பாள்), ஒப்பர்ச்சுனிட்டி (விற்பனை வாய்ப்பு), உங்களுடைய தவணை ஒப்ஜெக்ட் என்று ஒரு பட்டியலை அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். ஒரு ஒப்ஜெக்டுக்கு ஒரு அழைப்புத்தான் செலவாகும், ஆகவே நாளாந்த ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஏபிஐ பதிப்பை அமைப்புக் கோப்பிலேயே நிலையாக எழுதுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று வெளியீடு விடுகிறது; ஒவ்வொன்றிலும் பதிப்பு இலக்கம் ஒன்று கூடும். 2024இன் ஸ்பிரிங் வெளியீடு 60.0. "எப்போதும் புதியது" என்று விட்டால், உங்கள் ஆட்கள் எதையும் தொடாத நாளிலும் நியமப் புலங்கள் கூடிக் கோப்பு மாறும். செயலி எந்தப் பதிப்பை அழைக்கிறதோ அதே பதிப்பில்தான் டிஸ்கிரைப்பும் நடக்க வேண்டும்.

எந்தப் பயனராகக் கேட்கிறீர்கள்

டிஸ்கிரைப் சொல்வது தளத்தில் உள்ளதை அல்ல. கேட்கும் பயனருக்குத் தெரிவதை. ஒரு புலத்தைப் பார்க்க அந்தப் பயனருக்கு அனுமதி இல்லையென்றால், அந்தப் புலம் பதிலில் இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. நிர்வாகியின் கணக்கில் ஓட்டினால் எல்லாம் தெரியும். செயலி ஓடும் கணக்குக்கு அவற்றில் பாதி தெரியாமல் இருக்கலாம். அப்போது வகைக் கோப்பில் புலம் இருக்கும், உண்மையில் வினவும்போது "அப்படி ஒரு புலம் இல்லை" என்று தளம் மறுக்கும். ஆகவே செயலி எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதே அனுமதித் தொகுப்புள்ள கணக்கில் டிஸ்கிரைப் செய்யுங்கள். ஆள் இல்லாமல் ஓடும் சேர்வரில் கடவுச்சொல்லை வைக்க வேண்டாம். சான்றிதழ் வழியான ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு) நுழைவை அமைத்து, தனித் திறவுகோலைக் களஞ்சியத்துக்கு வெளியே இரகசிய மாறியாக வையுங்கள்.

சான்ட்பொக்ஸில் (சோதனைக்கான தளப் பிரதியில்) எடுப்பதா, நேரடித் தளத்தில் எடுப்பதா என்பதையும் ஒருமுறை தீர்மானித்துவிடுங்கள். சான்ட்பொக்ஸில் இன்னும் வெளியே போகாத புலங்கள் இருக்கும். கிட்டின் அபிவிருத்திக் கிளைக்குச் சான்ட்பொக்ஸ், வெளியிடும் கிளைக்கு நேரடித் தளம் என்பது நல்ல ஏற்பாடு: புலம் இன்னும் நேரடித் தளத்துக்குப் போகவில்லையென்றால் வெளியீட்டைத் தொகுப்பியே தடுத்துவிடும்.

பதில் வந்தவுடன் நேரடியாக வகை எழுதாமல், முதலில் அதைச் சுருக்கி ஒரு ஜேசன் கோப்பாகச் சேமியுங்கள். பெயர், தலைப்பு, வகை, நீளம், தசம இடம், நில்லபிள் (வெறுமையாக இருக்கலாமா), கிரியேட்டபிள் (படைக்கும்போது எழுதலாமா), அப்டேட்டபிள் (பிறகு திருத்தலாமா), டிஃபால்டெட்-ஒன்-கிரியேட் (படைக்கும்போது தளமே மதிப்பு இடுமா), ரெஸ்ட்ரிக்டெட்-பிக்லிஸ்ட் (தெரிவுப்பட்டியல் மூடியதா), தெரிவு மதிப்புகள், ரெஃபரன்ஸ்-டு (எந்த ஒப்ஜெக்டைக் காட்டுகிறது), உறவுப் பெயர் ஆகியவை போதும். இணைப்பு முகவரிகளையும் ரெக்கோர்ட் டைப் (ஒரே ஒப்ஜெக்டுக்குள் பதிவுகளின் பிரிவு) அடையாளங்களையும் கழித்துவிடுங்கள். ரெக்கோர்ட் டைப்பின் அடையாளம் ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் வேறுபடலாம். புலங்களைப் பெயர் வரிசையில் அடுக்குங்கள். இந்தச் சுருக்கக் கோப்பையும் கிட்டில் சேருங்கள். இணைப்பு அறுந்தாலும் மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் வகையைத் திரும்ப உருவாக்கலாம். தளத்தில் எது எப்போது மாறியது என்ற வரலாறும் கிடைக்கும்.

எது எதுவாக மாறும்

இந்தப் பகுதி பெரும்பாலும் நேரடியானது. எழுத்து, மின்னஞ்சல், இணைய முகவரி, தொலைபேசி, நீண்ட உரை எல்லாம் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத்தொடர். செக்பொக்ஸ் பூலியன் (மெய் அல்லது பொய்), அது ஒருபோதும் வெற்றாக வராது. முழுஎண், தசமம், பணம், விகிதம் எல்லாம் நம்பர். விகிதப் புலத்தில் 25 வீதம் என்பது 25 ஆகவே வரும், 0.25 ஆக அல்ல. அதை வகைக்கு மேலே குறிப்பாக எழுதிவிட்டால் வட்டிக் கணக்கில் யாரும் தடுமாறமாட்டார்கள். எண் புலத்துக்கு 18 இலக்கம் வரை இடம் ஒதுக்கலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் 9007199254740991 வரைதான் முழுஎண்ணைப் பிசகாமல் தாங்கும். அதற்கு மேல் இடமுள்ள புலத்தைக் கண்டால் உருவாக்கி எச்சரிக்கை தரட்டும்.

எண் போலத் தெரிபவை எல்லாம் எண் அல்ல. நமது தொலைபேசி இலக்கம் 021 என்று தொடங்கும். எண் புலத்தில் வைத்தால் முன்னாலுள்ள சுழியம் போய்விடும். தேசிய அடையாள அட்டையின் பழைய வடிவம் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வழங்கும் புதிய வடிவம் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே புலத்தில் வர வேண்டும், ஆகவே எழுத்துப் புலம்தான் சரி. தளத்தில் யாராவது இவற்றை எண்ணாக வைத்திருந்தால் வகைக் கோப்பு அதை உடனே காட்டிக் கொடுக்கும். அப்போது மாற்றவேண்டியது தளத்தின் புலத்தை. உருவாக்கிக்குள் விதிவிலக்கு எழுதி மறைக்க வேண்டாம்.

திகதியில் நேரம் செலவழியுங்கள். திகதிப் புலம் 2024-03-05 என்று வருடம், மாதம், நாள் மட்டும் கொண்ட எழுத்தாக வரும். அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட்டுக்குள் போட்டால், உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் அது அதே நாள் காலை 5.30, பிழை தெரியாது. அதே திரையை ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை திறந்தால் முதல் நாள் மாலை என்று காட்டும். தவணைத் திகதி ஒரு நாள் முந்திவிடும். எதிர்ப்பக்கமும் பிழைக்கும்: இங்கே நாட்காட்டியில் 5ஆம் திகதியைத் தெரிந்தால் அது உள்ளூர் நள்ளிரவு; உலக நேரத்துக்கு மாற்றினால் 4ஆம் திகதி 18.30, அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி அனுப்பினால் தளத்தில் 4 என்று பதியும். திகதியும் திகதிநேரமும் வெறும் ஸ்ட்ரிங்காக இருந்தால் தொகுப்பியால் இதைத் தடுக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனி முத்திரை வகை கொடுங்கள். அதாவது ஸ்ட்ரிங்கோடு, வேறெதிலும் இல்லாத ஒரு அடையாளப் பண்பை இணைத்த வகை. அப்போது திகதியை, திகதிநேரம் எதிர்பார்க்கும் செயற்பாட்டுக்குக் கொடுத்தால் சிவப்புக்கோடு விழும். திகதிநேரத்தின் முடிவில் +0000 என்று கோலன் இல்லாமல் வருவதையும் கவனியுங்கள். நியமம் கோலனோடுதான் கேட்கிறது. எல்லா உலாவியும் அதை ஒரேமாதிரி வாசிக்கும் என்று நம்ப வேண்டாம், வாசிக்கும் இடத்தில் கோலனைச் சேர்த்துவிடுங்கள்.

பதிவுகளின் அடையாளங்களுக்கும் (ஐடி) இதே முத்திரை முறை பொருந்தும். அக்கவுன்டின் அடையாளம் 001 என்றும் கொன்டாக்டினது 003 என்றும் தொடங்கும், ஆனால் டைப்ஸ்கிரிப்டுக்கு இரண்டும் எழுத்துத்தான். ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. ரெஃபரன்ஸ்-டு ஒரு பட்டியல் என்பதை மறக்க வேண்டாம்: டாஸ்க்கின் (செய்யவேண்டிய பணிப் பதிவு) "யார்" புலம் கொன்டாக்டையும் காட்டலாம், லீட்டையும் (வாடிக்கையாளராகக்கூடியவர்) காட்டலாம். முதல் பெயரை மட்டும் எடுக்கும் உருவாக்கி அங்கே தவறும். எல்லாப் பெயர்களையும் இணைத்த யூனியன், அதாவது இவற்றில் ஏதாவது ஒன்று என்று சொல்லும் வகை, வேண்டும். அடையாளம் 15 எழுத்தாகவும் 18 எழுத்தாகவும் புழங்கும். ஏபிஐ தருவது 18. உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்தோ பழைய அறிக்கையிலிருந்தோ கொப்பி எடுத்தது 15 ஆக இருந்தால் இரண்டும் சமமென்று ஒப்பீடு சொல்லாது.

தெரிவுப்பட்டியல்

கிளைப் புலத்தை மூன்று நான்கு பெயரின் யூனியனாக எழுதிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முதல் ரெஸ்ட்ரிக்டெட்-பிக்லிஸ்ட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது பொய் என்றால் பட்டியல் வெறும் ஆலோசனைதான். ஏபிஐ வழியாகவோ இறக்குமதி வழியாகவோ எந்த எழுத்தும் உள்ளே போகலாம். மெய்யாக இருந்தாலும், முன்பு பயன்பாட்டில் இருந்து பிறகு செயலிழக்கச் செய்த மதிப்பு பழைய பதிவுகளில் அப்படியே கிடக்கும். மூடிவிட்ட ஒரு கிளையின் பெயர் ஐந்து வருடம் முந்திய பதிவில் வரத்தான் செய்யும்.

ஆகவே வாசிப்பதற்கு ஒரு வகை, எழுதுவதற்கு ஒரு வகை. எழுதும்போது, கட்டுப்படுத்திய பட்டியலாக இருந்தால், இப்போது செயலில் உள்ள மதிப்புகளின் யூனியன் மட்டும். வாசிக்கும்போது அந்த யூனியனோடு "வேறு எழுத்தும் வரலாம்" என்பதும் சேர வேண்டும். அதற்கு யூனியனில் வெறும் ஸ்ட்ரிங்கைச் சேர்த்தால் டைப்ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் விழுங்கி ஸ்ட்ரிங் ஆக்கிவிடும். எடிட்டரில் பரிந்துரையும் போய்விடும். ஸ்ட்ரிங்கையும் ஒரு வெறும் நெளிவு அடைப்பு வகையையும் & குறியால் இணைத்துச் சேர்த்தால் பரிந்துரை நிற்கும், புதிய மதிப்பும் செல்லும். இதனால் கிளையைப் பார்த்துப் பிரியும் ஸ்விட்சில் கடைசி வழியை எழுதியே ஆகவேண்டி வரும். அது வேண்டியதுதான்.

பட்டியலில் தலைப்பும் மதிப்பும் வேறு வேறு. தலைப்பு பயனரின் மொழிக்கேற்ப மாறும். பதிவில் இருப்பது மதிப்பு. யூனியனில் மதிப்புத்தான் வர வேண்டும். ஆனால் தளத்தை அமைக்கும்போது தமிழில் தட்டினால் மதிப்பே தமிழாகிவிடும், அங்கேதான் நமக்கேயான சிக்கல் வருகிறது. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். "கொடிகாமம்" இரண்டு விதத்திலும் திரையில் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் வேறு. என்எஃப்சி என்ற யூனிகோட் முறைப்படி ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகும், ஆகவே உருவாக்கியும் செயலியும் மதிப்பை ஒப்பிடுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். தளத்தில் உள்ளது இயல்பாக்காத வடிவமென்றால் எழுதும்போது அதே வடிவத்தைத்தான் அனுப்ப வேண்டும். மூல மதிப்பையும் அட்டவணையில் வைத்திருங்கள். "ஸ்ரீ" இதைவிடக் கடினம். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் ஒரேமாதிரிக் காட்டும். இயல்பாக்கினாலும் இரண்டும் ஒன்றாகாது. மதிப்பை ஆங்கில எழுத்தில் ஒரு குறுங்குறியாக வைத்து, தலைப்பை மட்டும் தமிழில் வைப்பதே சரியான வழி. புதிதாகத் தொடங்கும் தளத்தில் இதை முதல் நாளிலேயே நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள்.

பல தெரிவு எடுக்கும் புலம் அரைப்புள்ளியால் பிரித்த ஒற்றை எழுத்தாக வரும். அதை யூனியனின் வரிசையாக வகைப்படுத்துவது பொய். முத்திரையிட்ட எழுத்தாக வைத்து, பிரிக்கவும் சேர்க்கவும் இரண்டு சிறு செயற்பாடுகளைக் கூடவே உருவாக்குங்கள்.

மாவட்டத்தைத் தெரிந்தால் அதற்குரிய கிளைகள் மட்டும் வரும் சார்புப் பட்டியலில், ஒவ்வொரு மதிப்போடும் வேலிட்-ஃபோர் என்று ஒரு எழுத்துத் தொடர் வரும். அது பேஸ்64 (பிட்டுகளை எழுத்தாக எழுதும் முறை) இல் உள்ள பிட் தொகுதி. அவிழ்த்தால், இடப்பக்கத்தின் மிகப் பெரிய பிட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிட்டும் கட்டுப்படுத்தும் பட்டியலின் ஒரு மதிப்பைக் குறிக்கும்: முதல் பிட் 1 என்றால் முதல் மாவட்டத்துக்கு அந்தக் கிளை பொருந்தும். இதை வகையாக எழுத முயல வேண்டாம். மாவட்டத்திலிருந்து கிளைகளுக்கு ஒரு மாறிலி அட்டவணையாக எழுதினால் படிவத்திலும் பயன்படும்.

ஒரு ஒப்ஜெக்ட், மூன்று வடிவம்

வாசிக்கும் வடிவம், படைக்கும் வடிவம், திருத்தும் வடிவம் என்று ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் மூன்று இன்டர்ஃபேஸ் எழுதுங்கள்.

வாசிக்கும் வடிவில், நில்லபிள் மெய்யாக உள்ள ஒவ்வொரு புலத்துக்கும் வெற்றுமதிப்பைச் சேருங்கள். டைப்ஸ்கிரிப்டின் கண்டிப்பு நிலை இயங்காவிட்டால் இதற்குப் பலன் இல்லை. அமைப்புக் கோப்பில் ஸ்ட்ரிக்ட் மெய்யாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படைக்கும் வடிவில் கிரியேட்டபிள் மெய்யான புலங்கள் மட்டும் வரும். சூத்திரப் புலங்களும் தானியங்கி இலக்கங்களும் தாமாகவே விழுந்துவிடும். கட்டாயப் புலம் எது என்பதற்குச் சூத்திரம் இது: கிரியேட்டபிள் மெய், நில்லபிள் பொய், டிஃபால்டெட்-ஒன்-கிரியேட் பொய். மூன்றாவதை விட்டுவிட்டால் எல்லாச் செக்பொக்ஸும் கட்டாயமாகி, ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க இருபது மதிப்புக் கேட்கும். இந்தச் சூத்திரத்தைக் கொன்டாக்டில் போட்டால் கடைசிப் பெயர் கட்டாயம், முதற் பெயர் கட்டாயமில்லை என்று வரும். நம் பெயரமைப்பில் அப்பாவின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே; பலர் அப்பாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதுவார்கள். ஆகவே ஆளின் சொந்தப் பெயரைக் கட்டாயப் புலத்திலும் அப்பாவின் பெயரை மற்றதிலும் வைக்கும் வழக்கத்தைக் கடை முழுவதும் ஒன்றாகப் பின்பற்றுவது நல்லது. வகைக்கு மேலுள்ள குறிப்பில் அதை எழுதிவிடுங்கள், இல்லையென்றால் குறுஞ்செய்தியில் "அன்பான" என்பதற்குப் பின்னால் அப்பாவின் பெயர் போகும்.

பக்க அமைப்பில் சிவப்புக் குறியிட்டுக் கட்டாயமாக்கிய புலங்களும், சரிபார்ப்பு விதிகளும் டிஸ்கிரைப்பில் வராது. அவற்றை வகையால் பிடிக்க முடியாது; தளம் திருப்பி அனுப்பும் பிழையைச் செயலி கையாளத்தான் வேண்டும்.

திருத்தும் வடிவில் அப்டேட்டபிள் மெய்யான புலங்கள் வரும், எல்லாமே விருப்பத்துக்குரியவை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புலத்தை அனுப்பாமல் விட்டால் தளம் அதைத் தொடாது. வெற்றுமதிப்பை அனுப்பினால் உள்ளதை அழிக்கும். வரையறுக்காத மதிப்பை, அதாவது அன்டிஃபைன்ட்டைக் கொடுத்தால் ஜேசனாக மாறும்போது அது காணாமல் போய்விடும், ஆகவே "அனுப்பவில்லை" என்றாகிவிடும். தொலைபேசியை அழிக்க நினைத்தவர் அன்டிஃபைன்ட் வைத்தால் பழைய இலக்கம் அப்படியே நிற்கும், பிழையும் வராது. டைப்ஸ்கிரிப்டின் எக்ஸாக்ட்-ஒப்ஷனல்-புரொப்பர்ட்டி-டைப்ஸ் தெரிவை இயக்கினால், விருப்பப் புலத்துக்கு அன்டிஃபைன்ட் கொடுப்பதைத் தொகுப்பி தடுக்கும். இந்த ஒரு தெரிவுக்காகவே திருத்தும் வடிவத்தைத் தனியாக வைத்திருப்பது தகும். நில்லபிள் பொய்யான புலத்துக்கு வெற்றுமதிப்பையும் அனுமதிக்க வேண்டாம். வெற்று எழுத்துத்தொடரை அனுப்பினாலும் தளம் அதை வெறுமையாகவே வைத்திருக்கும். திரும்ப வாசிக்கும்போது வெற்றுமதிப்புத்தான் வரும்.

வினவியது மட்டும்தான் வரும்

வாசிக்கும் வடிவத்தில் 80 புலம் இருக்கலாம். வினவலில் நான்கு புலம் கேட்டால் நான்குதான் வரும். அந்த விடையை முழு இன்டர்ஃபேஸ் என்று வகைப்படுத்தினால், மற்ற 76 புலமும் இருப்பதாகத் தொகுப்பி நம்பும். ஓடும்போது அவை அன்டிஃபைன்ட். வெறுமையான புலம் வெற்றுமதிப்பாக வருவதும், கேட்காத புலம் வராமலே போவதும் வேறு வேறு. உருவாக்கிய வகைகள் உதவவில்லை என்று கைவிடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

வினவலை எழுதும் இடத்திலேயே புலப் பெயர்களை மாறிலி வரிசையாக வையுங்கள். அந்த வரிசையிலிருந்தே வினவல் எழுத்தையும் கட்டுங்கள். அதே வரிசையை வைத்துப் பிக் என்ற, வேண்டிய புலங்களை மட்டும் பிரித்தெடுக்கும் டைப்ஸ்கிரிப்ட் வகையால் விடையின் வடிவத்தையும் எடுங்கள். வரிசைக்கு அஸ்-கொன்ஸ்ட் போடாவிட்டால் பெயர்கள் பொதுவான ஸ்ட்ரிங் ஆகிவிடும், பிக் வேலை செய்யாது. இருபது வரியில் ஒரு பொதுச் செயற்பாடு எழுதிவிட்டால் செயலி முழுதும் அதையே அழைக்கலாம்.

உறவுப் புலங்களில் ஒரு கவனம். நீங்களே சேர்த்த புலத்தின் ஏபிஐ பெயர் இரண்டு கீழ்க்கோடும் சி எழுத்துமாக முடியும். அதன் வழியாகத் தாய்ப் பதிவுக்குள் போகும்போது சி இடத்தில் ஆர் வரும். தாய்ப் பதிவு இல்லையென்றால் அந்த உறவு முழுதும் வெற்றுமதிப்பு. ஆகவே உள்ளே இருப்பது செக்பொக்ஸாக இருந்தாலும், அதை அடையும் வழி வெறுமையாக இருக்கலாம் என்று வகை சொல்ல வேண்டும். தனியாள் கணக்கு வசதியை இயக்கிய தளத்தில் பிசி என்று முடியும் புலங்களும் அக்கவுன்டில் வரும். பின்னொட்டைப் பார்த்து வடிகட்டும் நிரலில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை எழுதும்போது

வெளியீட்டை டி.டிஎஸ் (வகை அறிவிப்பு மட்டும் கொண்ட) கோப்பாக எழுத வேண்டாம், சாதாரண டிஎஸ் கோப்பாக எழுதுங்கள். பல திட்டங்களில் ஸ்கிப்-லிப்-செக் இயங்கிக்கொண்டிருக்கும். அது வெளியார் பொதிகளை மட்டுமல்ல, உங்கள் திட்டத்தில் உள்ள டி.டிஎஸ் கோப்புகளையும் சோதிக்காமல் விட்டுவிடும். உருவாக்கி பிழையான வரியை எழுதினாலும் யாருக்கும் தெரியாது. மாறிலி அட்டவணைகள் ஓடும்போதும் தேவை என்பதால் டிஎஸ் தான் பொருத்தமும்கூட.

எழுத்து மதிப்புகளை ஒற்றை மேற்கோளுக்குள் நீங்களே ஒட்ட வேண்டாம். மதிப்புக்குள் மேற்கோள் குறி வந்தால் கோப்பு உடையும். ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை வழியாக எழுதுங்கள். தலைப்பைக் குறிப்பாக எழுதும்போது, நட்சத்திரமும் சாய்கோடும் அடுத்தடுத்து வந்தால் குறிப்பு நடுவிலே முடிந்துவிடும். புது வரி வந்தாலும் வடிவம் கெடும். இரண்டையும் மாற்றிவிடுங்கள். கோப்பில் உருவாக்கிய நேரத்தை எழுத வேண்டாம், எழுதினால் ஒவ்வொரு நாளும் மாற்றம் என்று காட்டும். அலுவலகத்தில் விண்டோஸும் சேர்வரில் லினக்ஸும் இருந்தால் வரிமுடிவு வேறுபாட்டால் முழுக் கோப்பும் மாறியதாகத் தெரியும். கிட்டின் பண்புக் கோப்பில் இந்த அடைவுக்கு எல்எஃப் (லினக்ஸின் வரிமுடிவு) என்று கட்டாயப்படுத்துங்கள்.

ஆயத்தக் கருவிகளும் இருக்கின்றன. ஜேஎஸ்ஃபோர்ஸ் நூலகத்தோடு ஸ்கீமா உருவாக்கும் கட்டளை ஒன்று வருகிறது. விஎஸ் கோடின் சேல்ஸ்ஃபோர்ஸ் நீட்சியும் தன் மின்னல் கூறுகளுக்கு (லைட்னிங் வெப் கொம்பொனென்ட்) வகை எழுதித் தரும். புலப் பெயர்கள் மட்டும் போதுமென்றால் அவற்றோடு நில்லுங்கள். மேலே சொன்ன மூன்று வடிவமும் முத்திரைகளும் வேண்டுமென்றால் சொந்தமாக எழுதுங்கள். 200 வரி அளவில் முடியும் வேலை.

வகை ஓடும்போது இருக்காது என்பதால், வெளியிலிருந்து தரவு நுழையும் இடத்தில் சோதனையும் வேண்டும். அதே சுருக்கக் கோப்பிலிருந்து சொட் போன்ற, ஓடும்போது தரவைச் சோதிக்கும் நூலகத்துக்கான வரையறையையும் உருவாக்கலாம். எல்லா ஒப்ஜெக்டுக்கும் தேவையில்லை. பணம் தொடும் ஒப்ஜெக்ட்களுக்குச் செய்யுங்கள்.

தினமும் ஓடவிடுதல்

ஒவ்வொரு நாளும் காலையில் டிஸ்கிரைப் ஓடி, சுருக்கக் கோப்பு மாறியிருந்தால் ஒரு மாற்றக் கோரிக்கையைத் திறக்க வேண்டும். கிட்ஹப் அக்ஷன்ஸின் நேர அட்டவணை இயல்பாக உலகப் பொது நேரத்தில் ஓடும். யாழ்ப்பாணத்தில் காலை 6 மணி என்றால் அங்கே 00.30 என்று எழுத வேண்டும். அந்தக் கோரிக்கையில் தொகுப்பி ஓடும். சிவப்பு வந்தால் எந்தத் திரை உடையும் என்று கடை திறக்க முன்னரே தெரிந்துவிடும். தானாக இணைக்கவிட வேண்டாம். புலம் கூடியது, நீளம் மாறியது போன்றவற்றைப் பார்த்தவுடன் ஏற்கலாம். புலம் குறைந்தால் ஒருவர் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அது அனுமதி பறிபோனதாகவும் இருக்கலாம். பத்துப் புலம் ஒரே நாளில் காணாமல் போனால் அனேகமாக அனுமதித் தொகுப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள்.

வேறு தளமென்றால்

மைக்ரோசொஃப்ட் டைனமிக்ஸ் 365 என்றால் டேட்டாவேர்ஸின் (அதன் தரவுக் களம்) வெப் ஏபிஐயில் என்டிட்டி டெஃபினிஷன்ஸ் என்ற இடத்தில் இதே விபரம் கிடைக்கும். அங்கே தெரிவுப்பட்டியலின் மதிப்பு எழுத்தல்ல, முழுஎண். உறவுப் புலம் வெப் ஏபிஐயில் கீழ்க்கோட்டில் தொடங்கி வெல்யூ என்று முடியும் பெயரில் வரும். இதைக் கவனிக்காத வகைக் கோப்பு எல்லா உறவிலும் பிழைக்கும். படிவ ஸ்கிரிப்ட்களுக்கு எக்ஸ்ஆர்எம்-டெஃபினிட்லி-டைப்ட் என்ற கருவி ஏற்கனவே இருக்கிறது.

ஹப்ஸ்பொட்டில் புரொப்பர்ட்டீஸ் ஏபிஐ ஒவ்வொரு புலத்தின் வகையையும் தரும். ஆனால் பதிவை வாசிக்கும்போது எண்ணும் பூலியனும்கூட எழுத்தாகவே வரும். புலம் எண் என்று சொல்வதைப் பார்த்து நம்பர் என்று எழுதினால் இரண்டு தவணையைக் கூட்டும்போது 5000உம் 5000உம் 50005000 ஆகும். வந்த வடிவம் ஒன்று, மாற்றிய வடிவம் ஒன்று என்று இரண்டு வகை எழுதி, நடுவில் மாற்றியையும் உருவாக்குங்கள். கேட்காத புலம் வராது என்பது அங்கேயும் உண்டு.

புலத்தை நீக்கும் ஒழுங்கு

தளத்திலிருந்து ஒரு புலத்தை எடுக்கப்போகிறார்கள் என்றால், முதலில் செயலியின் கணக்குக்கு மட்டும் சான்ட்பொக்ஸில் அந்தப் புலத்தின் பார்வை அனுமதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த டிஸ்கிரைப்பில் புலம் மறையும். அதைப் பயன்படுத்தும் இடங்களை எல்லாம் தொகுப்பி காட்டும். அவற்றைத் திருத்தி வெளியிட்ட பிறகு நேரடித் தளத்திலும் அனுமதியை எடுங்கள். ஒரு கிழமை ஓடவிட்டுப் பிழைப் பதிவேட்டைப் பாருங்கள். அதன் பிறகே புலத்தை நீக்கலாம். நீக்கிய புலத்தைச் சேல்ஸ்ஃபோர்ஸ் 15 நாள் மீட்கக்கூடிய நிலையில் வைத்திருக்கும். மாத முடிவுக் கணக்குப்போல மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் இருந்தால், அவை ஒரு தடவையாவது ஓடி முடியும் நாள் அந்த 15 நாளுக்குள் வருமாறு பார்த்து நீக்கும் திகதியைக் குறியுங்கள்.